கலியபெருமாள் திருப்பித் தராத பெட்டி

கலியபெருமாள் இறந்த செய்தியை ஒரு பேனர்தான் எனக்குச் சொன்னது. காலையில் கீரை வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஆட்டோ ஸ்டாண்டு ஓரத்தில் இரண்டு பேர் மூங்கில் நட்டு பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் கைகூப்பி நின்றார். அவருக்குப் பக்கத்தில், அவர் அளவில் கால்வாசிகூட இல்லாமல், காக்கிச் சட்டையில் கலியபெருமாள். யார் மேல் புகார் கொடுத்து அந்த மனிதர் வேலையை இழந்தாரோ, அவருடைய அனுதாபம்தான் முதலில் வந்து நின்றது. கோபம் வந்திருக்க வேண்டும். இந்த வயதில் கோபத்துக்கு முன்னால் களைப்பு வந்துவிடுகிறது.

ஸ்டாண்டு நண்பர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சிறிய நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். பழகியவன் என்ற முறையில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அவரும் ஒன்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வேலை பார்த்தோம். நான் அந்த உறுப்பினருக்கு உதவியாளர். மனு எழுதுவது, போன் எடுப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது என் வேலை. கலியபெருமாள் கார் ஓட்டுநர். வேலை பார்த்த மில் மூடியபின் ஸ்டியரிங் பிடித்தவர். உறுப்பினரின் பெயர் இங்கே வேண்டாம். தொகுதி முழுக்க அவரை அண்ணன் என்றே சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன்.

நம் ஊர்த் தொகுதிகள் எவ்வளவு சிறியவை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காதுகுத்துக்குப் போகாவிட்டால் ஒரு தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் தினமும் விடிந்ததும் கலியபெருமாள் மார்க்கெட்டில் மாலை வாங்கிவந்து, ஈரத்துணி சுற்றி, காரின் பின்னால் அடுக்கிவிடுவார். கல்யாண மாலை வலப்பக்கம், சாவு மாலை இடப்பக்கம். ஒரு நாளும் மாறியதில்லை. "கல்யாணத்துக்கு லேட்டாப் போனா பந்தியிலயாவது உக்காந்துக்கலாம் சார். சாவுக்கு லேட்டாப் போனா பாக்கறதுக்கு ஆளே இருக்கமாட்டான்" என்பார். அண்ணன் எந்தச் சாவு வீட்டுக்கும் தாமதமாகப் போனதில்லை. அந்தப் பெருமையில் பாதி கலியபெருமாளுடையது.

இனி அந்தப் புத்தாண்டு நாளுக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஜனவரி முதல் தேதி நம் ஊரில் கேக் வாங்காத வீடு ஏது? காண்ட்ராக்டர்களும் கடை முதலாளிகளும் காலையிலிருந்து அண்ணன் வீட்டுக்குக் கேக் பெட்டிகளோடு வந்துகொண்டே இருப்பார்கள். மத்தியானத்துக்குள் உள் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. அண்ணனின் மனைவி ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்வார்: "எறும்பு மொய்க்கறதுக்குள்ள எடுத்துனு போயிப் புள்ளைங்களுக்குக் குடுத்துடு கலியபெருமாளு." அவரும் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கடலோரத்து வைத்திக்குப்பத்துக்குக் கொண்டுபோவார். அங்கே பிள்ளைகள் அன்று காலையிலிருந்தே காரை எதிர்பார்த்திருப்பார்கள்.

அந்த வருஷம் ரோடு வேலை எடுக்கும் ஒரு காண்ட்ராக்டர் ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார். "இது அண்ணன் கையிலயே போவணும் சார்" என்றார். வாங்கும்போதே தெரிந்தது, கேக் இவ்வளவு கனக்காது. ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தவனுக்கு இது புரியாதா? அண்ணனைச் சுற்றி முன்கூடத்தில் கூட்டம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள் அறையில் மற்றப் பெட்டிகளோடு வைத்தேன். போன் மேல் போன் வந்தது, மறந்துவிட்டேன். ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது அறையைப் பெருக்கித் துடைத்திருந்தார்கள். காரும் இல்லை.

வைத்திக்குப்பத்தில் நடந்ததைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். படகின் விளிம்பில் உட்கார்ந்து, மீன் அரியும் கத்தியைக் கழுவி வாங்கி, கலியபெருமாள் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ பெட்டியின் ரிப்பனை அவிழ்த்தால் உள்ளே நோட்டுக் கட்டுகள். மீன் விற்கும் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, இந்த வருசம் கேக்கு இப்பிடி வருதா?" என்றாராம். யாரும் தொடாதீர்கள் என்று சொல்லி மூடியவர், காரை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டார். குப்பத்தில் பாதிப் பேர் பின்னாலேயே நடந்து வந்ததால் காரும் நடை வேகத்தில்தான் போயிற்று.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். பெரிய நியாயம் எதுவும் பேசவில்லை. "திருப்பிக் கொண்டாந்து வச்சிருந்தா வேலை இருந்திருக்கும் சார். ஆனா அத்தினி புள்ளைங்க பாத்துடுச்சே. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அடுத்த வருசம் அங்க கேக்கு எடுத்துனு போறது?" என்றார்.

அண்ணன் மேல் வழக்கு பதிவானது. எதிர்க்கட்சிதான் டிரைவரை விலைக்கு வாங்கிப் பெட்டியை வைத்துவிட்டது என்றார் அண்ணன். டீக்கடைகளில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. அடுத்த வாரம், "வாங்காதவன் எவன்?" என்று கையை உதறிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் பேச்சு கலியபெருமாள் பக்கம் திரும்பியது. ஸ்டேஷனில் கொடுத்தது இவ்வளவு என்றால், அவன் எடுத்துக்கொண்டது எவ்வளவு இருக்கும்? கேக் தின்றவர்களே அப்படிக் கேட்டார்கள்.

என்னிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார். "காண்ட்ராக்டர் பெட்டி குடுத்தத நான் காரு தொடைக்கறப்ப பாத்தேன் சார். வாங்கினது நீங்கதானே? அத மட்டும் கோர்ட்டுல சொன்னாப் போதும். வேற எதுவும் சொல்ல வாணாம்." சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த மாதமே என் மகளுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ரொக்கமாக வாங்கினால்தான் வாங்கியதா? கூண்டில் ஏறியபோது, புத்தாண்டு அன்று விடுப்பில் இருந்தேன், கனகசெட்டிக்குளத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன் என்று சொன்னேன். கலியபெருமாள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது அவருடைய ஆட்டோ நின்றிருந்தது. கடனில் அப்போதுதான் எடுத்திருந்தார். "ஏறுங்க சார். எங்க, கனகசெட்டிக்குளமா?" என்றார். குரலில் கோபமே இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஏறி உட்கார்ந்தேன். வீட்டில் இறக்கிவிட்டு வாடகையை வாங்கிக்கொண்டார். சும்மா கொண்டுவந்து விட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

போதிய சாட்சியம் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அண்ணன் ஒரு தேர்தலில் தோற்று அடுத்ததில் ஜெயித்தார். கலியபெருமாள் மார்க்கெட் ஸ்டாண்டுக்காரர் ஆனார். ஏறுகிற சவாரியெல்லாம், அன்னிக்கு எவ்வளவு தேத்தினே என்று கேட்கும். "ரெண்டு துண்டு கேக்கு. அதுவும் புள்ளைங்க மிச்சம் வச்சது" என்று சொல்லிவிட்டு ஹாரன் அடிப்பார். ஸ்டாண்டில் உங்களுக்கெல்லாம் அது மனப்பாடம். என்னைப் பார்த்தால் மட்டும், "கனகசெட்டிக்குளத்துல இன்னா விசேஷம் சார்?" என்பார். பன்னிரண்டு வருஷமும் அந்த ஒரு கேள்விக்கு மேல் அவர் என்னைக் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை அவர் மனம் விட்டுப் பேசிப் பார்த்திருக்கிறேன். நல்ல மழை, சவாரி இல்லை, ஆட்டோவுக்குள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம் சார். சிரிக்கறாங்க. பொழைக்கத் தெரிஞ்சவன்டான்னு முதுவுல தட்டிட்டுப் போறாங்க" என்றார். பிறகு, "எல்லாரும் திருடன்னு சொல்லிட்டா, திருடனுக்குத்தானே சார் லாபம்?" என்று கேட்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன். வாங்காதவன் எவன் என்று ஊர் சொல்லச் சொல்ல எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துத்தான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

சாவு வீட்டுக்கு அண்ணன் வந்தார், வழக்கம்போல நேரத்துக்கு. பின்னால் அவருடைய இப்போதைய டிரைவர் மாலையை ஏந்தி வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தலைமாட்டில் இருந்த அஞ்சலை, கலியபெருமாளின் மனைவி, எழவில்லை. "இந்த மாலைய மார்க்கெட்டுல போயி வாங்கியாந்தது யாரு?" என்று கேட்டார். டிரைவர் தயங்கித் தயங்கி, நான்தான் என்றார். "அப்ப நீயே போடுப்பா. எங்க ஊட்டுக்காரரும் அந்த வேலையத்தான் செஞ்சாரு." அந்த டிரைவர் முதலாளியைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்தார், பிறகு குனிந்து மாலையைப் போட்டார். அண்ணன் கைகூப்பி நின்றார். போட்டோ எடுத்தார்கள்.

வெளியேறத் திரும்பும்போது என் தோளில் கை வைத்து, "நல்ல மனுசன்யா. எவன் பேச்சையோ கேட்டுக் கெட்டுப்போயிட்டான்" என்றார் அண்ணன். நான் தலையாட்டினேன். பழக்கம், தலை தானாக ஆடிவிட்டது. நிமிர்ந்தபோது அஞ்சலை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதப்போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். வேலை போய்விடும் என்று பயப்படுவாள் என நினைத்தேன். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. "இப்ப போயி எழுதினா யாருப்பா நம்பப்போறாங்க? இவரு எவ்வளவு வாங்கினாரோன்னுதான் கேப்பாங்க" என்றாள். கேட்கட்டும். கலியபெருமாள் பன்னிரண்டு வருஷம் கேட்டுக்கொண்டாரே.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். அவர் இருக்கும்போது பதில் சொல்லத் துணியவில்லை. ஸ்டாண்டு நண்பர்களே, வைத்திக்குப்பத்துக்காரர்களே, அஞ்சலை அம்மா, உங்கள் முன்னால் இப்போது சொல்கிறேன். அந்தப் பெட்டியை வாங்கியது நான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே வாங்கினேன். கலியபெருமாளுக்குத் தெரியாது. அன்று நான் கனகசெட்டிக்குளத்தில் இல்லை.