சிவப்புக்கு ஒரு முடிச்சு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். எடப்பாடிப் பக்கம் வீட்டோடு இரண்டு தறி, அதற்கே பொழுது போதாது, இதில் பேய்க்கு எங்கே போக? நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் பச்சைக்குப் பதில் சிவப்பை ஓட்டி ஒரு சேலையையே கெடுத்தார். வெளியே தெரிந்தால் எவன் நெசவு கொடுப்பான்? அதனால் நூல் கோனில் தொங்கும் நுனியில் நான் முடிச்சுப் போட்டு வைப்பேன், சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு. அவர் விரலால் தடவிப் பார்த்து எடுத்து மாட்டுவார். இருபது வருஷம் இப்படியே ஓடியது, ஈ காக்கைக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நல்ல வெளிச்சம்தான், தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போடப் போனவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சரசு, கெணத்துப் படியில ஒரு பொம்பள நிக்கறா. அவ சேலை என்ன நெறமுன்னே தெரியல புள்ள, எம் பொறப்புல அப்படி ஒண்ணப் பாத்ததில்ல."

சொல்லிக்கொண்டே கோன் அடுக்கின பக்கம் திரும்பியவர், முடிச்சைத் தொடாமலே சிவப்பைக் காட்டினார். "இதேதான்!" பச்சையை ஒதுக்கிவிட்டுச் சிவப்பை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் பயந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அவரோ சந்தோஷத்தில் குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போனார். மூன்றாம் நாள் நானும் கூடவே ஓடினேன். எத்தனை தினுசு நூலையும் பிரித்துச் சொல்லும் கண் எனக்கு. படியில் ஒருவரும் இல்லை.

"அதா நிக்கறாளே, உனக்குத் தெரியலையா?"

"ஒண்ணுமில்லீங்க மாமா, ஊட்டுக்கு வாங்க, உங்க காலுல உழுந்து கேக்கறேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். விடிந்து பார்த்தால் பாயில் ஆள் இல்லை. கிணற்றிலிருந்து எடுத்தபோது முகத்தில் துளி பயமில்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தவறி விழுந்தார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். தறிப் பக்கம் வந்தால், சிவப்புக் கோன் அத்தனையிலும் முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தார்.

காரியம் முடிந்து தறியில் நின்ற அன்றுதான், நம்பினால் நம்புங்கள், கோன்களைப் பார்க்கிறேன், சிவப்பு எது பச்சை எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் காய்ந்த களிமண் நிறம். சேலத்தில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா" என்றார்.

இப்போது பக்கத்து வீட்டு அக்காதான் முடிச்சுப் போட்டுத் தருகிறார், நான் தடவிப் பார்த்து எடுக்கிறேன். கிணற்றுப் பக்கம் மட்டும் போவதில்லை. அவளுக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு தடவை அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் போதும் என்று எனக்கும் இருக்கிறது.