தலையில்லாத ஐவர்

ஆல்வெஸ்டர் புரூயிட்டுக்கு உயரம் என்றால் பயம். அது நாற்பத்தேழாம் தெருவில் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடமாக எங்கள் தெருவின் பெயர்ப்பலகைகளை எழுதியவர். முடிவெட்டும் கடை, சலவைக்கடை, என் வறுத்த மீன் கடை எல்லாம் அவர் கைவண்ணம்தான். எதுவும் ஏணியின் மூன்றாம் படிக்கு மேல் போனதில்லை. யாராவது உயரத்தில் எழுதச் சொன்னால், கீழே இருந்தால்தான் கண்ணில் படும் என்று வியாக்கியானம் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் என் கடையின் பக்கச்சுவரில் ஓவியம் வரைய ஒப்புக்கொண்டார். மூன்று மாடிச் சுவர். அதில் 1936-இன் 'ப்ரேரி ஃபைவ்' கூடைப்பந்து அணி. வெள்ளைக்கார அணிகள் எங்கள் கறுப்பின ஆட்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், சனிக்கிழமைகளில் நடன மண்டபத்தில் பந்தாடிய ஐந்து பேர். ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் ஜோடிகள் நடனமாடுவார்கள். தேவாலயத்தில் சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது போதகர் இவரிடம் கேட்டாராம், இவர் தலையாட்டிவிட்டாராம். முடியாது என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் தைரியம் வரவில்லை.

சுவரில் வரைகிறவர்கள் மேலிருந்து தொடங்குவார்கள். இல்லாவிட்டால் சொட்டுகிற வண்ணம் முடித்த வேலையில் விழும். இவர் கீழிருந்து தொடங்கினார். காலணி, காலுறை, முழங்கால் என்று, நீளக் கம்பில் தூரிகையைக் கட்டி எட்டி எட்டி, மூன்றாவது வாரம் மார்பில் எண்கள் வரை வந்தார். அதோடு நின்றுவிட்டது. சாரம் வானத்தைப் பார்த்து நிற்க, மனிதர் தரையில் குந்தி, முடித்த காலணிக் கயிற்றுக்கே மறுபடி வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"யோவ் ஆல்வெஸ்டர், தலைங்கள எங்கயாவது ஆர்டர் பண்ணிருக்கியா?" என்று என் வாடிக்கையாளர்கள் மீனைக் கடித்துக்கொண்டே கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மிஸ் ஓசெல்லா கெய்ன்ஸ் தினமும் மதியம் என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். வயது தொண்ணூற்று மூன்று. ஐந்தாவது ஆட்டக்காரர் லூஷியஸ் அவருடைய அண்ணன். அந்தப் புதன்கிழமை அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஞாயித்துக்கிழம என் பேத்தி ஹூஸ்டன்லருந்து வர்றா, என்னைக் கூட்டிட்டுப் போக. இனி நான் எங்க திரும்பி வரப்போறேன்? அதுக்குள்ள எங்க அண்ணன் மூஞ்சியப் பாத்துடுவேனாப்பா?"

ஆல்வெஸ்டர் தூரிகையைப் போட்டுவிட்டு என் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"கொரின், மேல போனா நான் செத்துடுவேன்."

"எப்பவாவது விழுந்திருக்கியா?"

"ஒரு தடவைகூட இல்ல. சும்மாவே பயம். என்னன்னு சொல்ல?"

போகாதே என்று சொல்லியிருக்கலாம். வெளியே அந்தக் கிழவி உட்கார்ந்திருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் கண்ணை மூடினார். நான் கீழே சாரத்தின் குழாயைப் பிடித்துக்கொண்டேன். என் பிடியால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனால் விட முடியவில்லை. அவர் விழுந்தால் அந்தப் பாவம் எனக்குத்தான் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளி மாலைக்குள் நான்கு முகங்கள் வந்துவிட்டன. பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை. நான்கும் சிங்கம் போல முறைத்தன. ஒரு முறைகூட அவர் கீழே பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஐந்தாவது முகம் பாதி வந்திருந்தது.

"அது எங்க அண்ணன் இல்ல!" என்று கத்தினார் மிஸ் ஓசெல்லா.

"படத்துல இப்படித்தானே இருக்காரு, மிஸ் ஓசெல்லா!" சுவரிலிருந்து கண்ணெடுக்காமல் மேலிருந்து கத்தினார் ஆல்வெஸ்டர்.

"படம் புடிச்சவன் மொறைக்கச் சொன்னான், மொறச்சான். எங்க அண்ணன் பயந்தாங்கொள்ளிப்பா!"

மீன் வாங்க நின்றவர்கள் வரிசையை விட்டு வெளியே வந்தார்கள்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் வாந்தி எடுப்பான். எனக்குப் பத்து வயசு, வாளி புடிச்சவ நான். ஒரு ஊர்ல வெள்ளக்காரனுங்க, ஜெயிச்சா உசுரோட போகமாட்டீங்கன்னு சொல்லி அனுப்பினானுங்க. அன்னிக்கும் எடுத்தான். வாயத் தொடச்சுக்கிட்டுப் போய் ஆடினான், ஜெயிச்சான். அந்த மூஞ்சி வேணும் எனக்கு."

"நான் அதப் பாத்ததில்லையே! கண்ணு எப்படி இருக்கும்?"

"கீழ பாரு, தெரியும்."

ஆல்வெஸ்டர் கீழே பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். கண்கள் விரிந்து, உதடுகள் ஒட்டிப்போய், தாடை இறுகியிருந்தது. குழாயைப் பிடித்திருந்த என் விரல்கள் மரத்துவிட்டன. விழப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் சுவர் பக்கம் திரும்பி, தன் முகத்தில் வந்த அந்தப் பயம் மறைவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பது போல வேகவேகமாகத் தீட்டினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். சுவரில் நான்கு பேர் நேராகத் தெருவை முறைக்கிறார்கள். ஐந்தாவது ஆள் பந்தைப் பிடித்தபடி, விரிந்த கண்களோடு கீழே பார்க்கிறான்.

மிஸ் ஓசெல்லா வெகுநேரம் பார்த்தார். "வந்துட்டான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொரின், சீக்கிரம் ஒரு வாளி கொண்டா" என்றார்.

ஆல்வெஸ்டர் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மீன் கழுவும் வாளியை எடுத்துவந்தேன். அதைப் பிடிக்க என்னை விடவில்லை. ஆல்வெஸ்டர் வாந்தி எடுத்து முடிக்கும்வரை மிஸ் ஓசெல்லாதான் பிடித்திருந்தார்.