டாக்டர் எழுதியிட்டுண்டோ?

எங்காத்துக்காரர் பட்டாபிக்கு ஒரு வியாதி உண்டு. ஊர்ல யாருக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிக்கிற வியாதி. மெடிக்கல் ரெப்பா பெட்டியைத் தூக்கிண்டு திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர் பாக்கியில்லாம ஏறி இறங்கினவர். மாத்திரை அட்டையோட ஒரு மூலை தெரிஞ்சா போதும், தின்கிறவாளோட ஜாதகத்தையே சொல்லிடுவார். பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் பையிலேர்ந்து ஒரு மாத்திரையை எடுத்தா, "பிரஷரா? உப்பைக் குறைச்சுக்கோங்கோ"ன்னு ஆரம்பிப்பார். அந்த மனுஷன் அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிடுவான்.

ஸ்ரீவராகத்துல எங்க தெருவே அப்படித்தான்னு வையுங்கோ. வேளை கெட்ட வேளையில கொடியில போர்வை காஞ்சா, எந்தாத்துல எந்தக் குழந்தை நனைச்சுதுன்னு பேச்சு வந்துடும். நான் ஒரு பாக்கெட் பால் கூடுதலா வாங்கினா, எங்க பிள்ளை சாய்க்குப் பொண்ணாத்துக்காரா வந்திருக்கான்னு அடுத்தாத்து சரோஜம் மாமி முடிவே பண்ணிடுவா. இவர் அவா எல்லாரையும் மிஞ்சினவர். என் தங்கை பொண்ணைப் பார்க்க வந்த பையன், உட்காரறச்சே சட்டைப் பையிலேர்ந்து ஒரு மாத்திரை அட்டையைக் கீழே போட்டுட்டான். இவர் அதை எடுத்துக் கொடுத்து, "ஓ, ஃபிட்ஸுக்கா? எங்க கம்பெனி மாத்திரைதான், நன்னா கேக்கும்"னார். சபை நடுவுல! எல்லாரும் கேசரியை வாயில வெச்சுண்டு முழிச்சா. பாவம், அந்தப் பிள்ளைக்கு வெறும் ஒத்தைத் தலைவலி. அதுக்கும் அதே மாத்திரை கொடுப்பாளாம். சம்பந்தம் போச்சு. என் தங்கை இன்னிக்கும் என்னோட முகம் கொடுத்துப் பேசறதில்லை.

இப்பேர்ப்பட்டவரைக் கம்பெனி ஒரு நாள் ஆத்துக்கு அனுப்பிடுத்து. இனிமே டாக்டர்களை ஃபோன்லயே பார்த்துக்கறாளாம், பெட்டி தூக்கற ஆள் வேண்டாமாம். ஐம்பதைத் தொட்டவருக்கு யார் வேலை தருவா? ஆரியசாலையில தெரிஞ்சவர் ஒருத்தரோட மிளகாய் மண்டியில கணக்கெழுதப் போனார். போன அன்னிக்கே தும்மல். சும்மா தும்மலா அது, கடை அதிர்ற தும்மல். "சாமி, வேற எதுவும் கிடைக்கலைன்னா வாங்க, பின்கட்டுல ஒரு மூலை தரேன்"னு முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வெச்சார்.

அப்பத்தான் மெடிக்கல் கோடிங்னு ஒண்ணைப் பிடிச்சுண்டு வந்தார். அமெரிக்காவுல ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துக் குறிப்பு எழுதுவாராம். இங்கே ஒருத்தர் அதைப் படிச்சு, அந்த வியாதிக்கு உண்டான நம்பரைப் போடணுமாம். நம்பரைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரா பில்லைப் பாஸ் பண்ணுவா. தம்பானூர்ல ஒரு மாடியில கிளாஸ். கூடப் படிக்கறது எல்லாம் சாயைவிடச் சின்னதுகள். கிளாஸ் முடிஞ்சதும் டெக்னோபார்க்ல ஒரு கம்பெனி டெஸ்ட் வைக்கும். பாஸானா வேலை, இல்லேன்னா மிளகாய் மண்டி. வேற வழி எங்களுக்கு இருக்கல.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான்டி, வெறுதே போய் உட்கார்ந்தா மதி, அதுவே போதும்"ன்னார். முதல் வாரம் ஒரே குஷி. சாயந்திரம் வந்து அந்தத் தடிப் புஸ்தகத்தைப் பிரிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவார். வாத்து முட்டினா அதுக்கு ஒரு கோடு, அதான் அந்த நம்பர், உண்டாம். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தா கடைசியில ஒரு எழுத்து, மறுபடி வந்தா வேற எழுத்து.

"தேங்காய் தலையில விழுந்தா?"ன்னு கேட்டேன்.

தேடினார் தேடினார். தேங்காய்க்குன்னு தனியா இல்லையாம், மேலேர்ந்து எது விழுந்தாலும் ஒரே கணக்குதானாம். வாத்துக்குக் கொடுத்த மரியாதை தேங்காய்க்கு இல்லை, பார்த்தேளா! மாமியார் நாட்டுப்பெண் சண்டைக்குக்கூட ஒரு கோடு இருந்தது. இதை எங்க கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருந்தா எவ்வளவு உபகாரமா இருந்திருக்கும்.

குஷியெல்லாம் பரீட்சை வைக்கிற வரைக்கும்தான். மாதிரிப் பரீட்சை ஒண்ணொண்ணுலயும் மண்ணைக் கவ்விண்டு வந்தார். சொல்லிக் கொடுக்கிற பொண்ணு பேர் ஜினி. பாறசாலைப் பக்கத்துப் பொண்ணு. ஆத்துல தமிழ், கிளாஸ்ல மலையாளம், கோபம் வந்தா ரெண்டும். ஒரு நோயாளி மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடறாள்னு இருந்ததும் இவர் சர்க்கரை வியாதிக்கு நம்பரைப் போட்டிருக்கார்.

"அங்கிளே, டாக்டர் எழுதியிட்டுண்டோ? சுகர்னு எங்கயாவது எழுதியிருக்காரா?"

"மெட்ஃபார்மின் பின்னே வேற எதுக்கும்மா?"

"சின்னப் பொண்ணாக்கும் அது. பி.சி.ஓ.டின்னு மாசாமாசம் வர்ற கோளாறுக்கும் குடுப்பாங்க. சும்மா கெடந்த பிள்ளையை சுகர்காரியாக்கியாச்சு. டாக்டர் எழுதினதுக்குத்தான் நம்பர். எழுதலைன்னா நமக்கு ஒண்ணுமே தெரியாது, அவ்வளவுதான்."

மறுநாள் ஒருத்தன் தலைவலிக்குச் சாப்பிட்ட மாத்திரையை வெச்சு அவனுக்கு பிரஷர் கொடுத்துட்டு வந்தார். அதுக்கு மறுநாள் யாருக்கோ தைராய்டு. கிளாஸ்ல இருக்கிற வாண்டுகளுக்கு மருந்தைப் பத்தி மண்ணும் தெரியாது. அதனாலயே அதுகள் பாஸ் ஆச்சு. இவருக்கு எல்லாம் தெரியும், அதுதான் தொல்லை. "தெரிஞ்சதைத் தெரியாதுன்னு எப்படிடி எழுதறது?"ன்னு ஒரு நாள் தட்டைத் தள்ளி வெச்சுட்டார். அன்னிக்குத்தான் எனக்கு நெஜமாவே பயம் வந்தது. மனுஷன் தோத்துப் போய் நான் பார்த்ததில்லை.

அப்புறம் நானே ஜினி அவதாரம் எடுத்தேன். சரோஜம் மாமி பொண்ணு பிறந்தாத்துக்கு வந்து பத்து நாளாச்சு, ஆம்படையானோட சண்டைதான்னு இவர் ஆரம்பிச்சா, "டாக்டர் எழுதியிட்டுண்டோ?"ம்பேன். பேப்பரை எடுத்துப் பிரிச்சுப்பார். மோர் புளிச்சிருக்கே, நேத்திக்கே கரண்ட் போயிருக்கும்பார். "டாக்டர் எழுதியிட்டுண்டோ?" முறைப்பார். கடுப்பாத்தான் இருக்கும், இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா மார்க் ஏறித்து. கடைசி மாதிரிப் பரீட்சையில ஜினி கை குலுக்கினாளாம், அன்னிக்குப் பூரா அந்தக் கையை ஆட்டிண்டே திரிஞ்சார்.

டெஸ்ட் நாள் வந்தது. காலம்பற இட்லி வார்த்துண்டிருக்கேன், நெஞ்சுல என்னமோ அமுக்கறது. தாடை வரைக்கும் ஏறறது. வேர்த்துக் கொட்டறது. மதில் ஓரத்துல நின்ன சரோஜம் மாமி என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "வாயுடி சீதா! நேத்திக்குச் சக்கப் பிரதமன் ரெண்டாந்தரம் வாங்கிண்டயோன்னோ? பெருங்காயத்தைக் கரைச்சுக் குடி, சரியாப் போயிடும்"னா.

நானும் அதைத்தான் நெனச்சேன். பலாச்சக்கைப் பாயசம்னா வாயு, உலகத்துக்கே தெரியுமே. டெஸ்டுக்குப் போறவரை நிறுத்தக் கூடாதுன்னு ஓடிப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன், மூடி கை நழுவி உருண்டது. இஸ்திரி போட்ட சட்டையோட கிளம்பினவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பண்றது உனக்கு?"

"ஒண்ணுமில்லை, வாயு. நீங்க போங்கோ, நாழியாறது."

நின்னுண்டே என்னைப் பார்த்தார். பழைய பட்டாபியா இருந்தா என்ன பண்ணியிருப்பார்னு எனக்குத் தெரியும். சாம்பிள் டப்பாவைத் திறந்து, சக்கப் பிரதமனுக்கு ஏத்த மாத்திரையா ஒண்ணு கொடுத்து, மாமியோட ஒத்துப் பாடிட்டு பஸ் ஏறியிருப்பார்.

"வாயுன்னு டாக்டர் எழுதியிட்டுண்டோ?"ன்னார்.

"இதென்ன விளையாட்டு இப்போ?"

"சரோஜம் மாமி எழுதினா. நீ எழுதினே. டாக்டர் எழுதல. உனக்கு நெஞ்சு வலிக்கறது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். கிளம்பு."

"ஏன்னா, டெஸ்ட்..."

"கிளம்புடி!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் என்னை அப்படிக் கத்தினதில்லை. அடுப்பை அணைச்சுட்டு, கட்டின புடவையோட ஆட்டோவுல ஏறினேன். வழியெல்லாம் திட்டிண்டே போனேன். வெறும் ஏப்பத்துக்காகக் கையில வந்த வேலையைத் தொலைக்கிற பைத்தியம்னு வாயில வந்ததெல்லாம் சொன்னேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில என்னையே பார்த்துண்டு ஓட்டினான். இவர் என் மணிக்கட்டைப் பிடிச்சுண்டிருந்தார்.

ஹார்ட் அட்டாக். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நானே இருந்திருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னார். ஒரு ஸ்டென்ட் வெச்சா. கண்ணைத் திறக்கறேன், பக்கத்துல இஸ்திரி கலைஞ்ச அதே சட்டையோட இவர். "டாக்டர் எழுதிட்டார்டி. ஐ இருபத்தொண்ணு"ன்னு சொல்லிட்டுக் குழந்தையாட்டம் அழுதார். என்னைக் காப்பாத்திட்டாரேன்னு நெனைக்கவிடாம நம்பர் சொல்லிண்டு அழறது என்ன மனுஷன்னு வந்தது எனக்கு. ஆனா அவர் கையை நானும் விடல.

டெஸ்ட் போனது போனதுதான். தெருவெல்லாம் இவர் மறுபடி மிளகாய் மண்டிக்குப் போகப் போறார்னு பேசித்து. ஜினிதான் கம்பெனியோட மல்லுக்கட்டி, அடுத்த பேட்ச்சோட உட்கார ஏற்பாடு பண்ணினா. நான் படுக்கையில, இவர் சமையல் கட்டுல. உப்பில்லாத ரசத்தைக் கலக்கிண்டே படிச்சார்.

டெஸ்ட் எழுதிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழட்டாம என் பக்கத்துல உட்கார்ந்தார்.

"ஒரு கேஸ் வந்தது. உன் வயசு பொம்மனாட்டி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அந்த நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை... உன் மருந்து டப்பாவை அப்படியே கவுத்து வெச்ச மாதிரி. டாக்டர் எழுதினது நெஞ்சு வலின்னு மட்டும்தான்."

"நீங்க என்ன போட்டேள்?"

"அவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா சீதா? என் கண்ணால பார்த்தேனே உன்னை. இருந்தும் நெஞ்சு வலின்னு மட்டும் போட்டுட்டு வந்துட்டேன்."

"பாஸா?"

"பாஸ்."

எனக்கு சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தது. புடவைத் தலைப்பால மூக்கைச் சிந்திண்டேன். மதிலுக்கு அந்தண்டை சரோஜம் மாமி தலை தெரிஞ்சுது. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு இந்நேரம் முடிவே பண்ணியிருப்பா, பண்ணிட்டுப் போகட்டும்.

"இன்னொண்ணு. உனக்கு நேத்தோட நாலு வாரம் முடிஞ்சாச்சு. புஸ்தகப்படி நீ இனிமே ஐ இருபத்தொண்ணு கிடையாது. வேற கோடு. ஓல்டுன்னு பேர்."

"யாரைப் பார்த்து ஓல்டுன்னேள்?"

"உன்னை இல்லடி, அட்டாக்கைச் சொன்னேன். அது பழங்கதையாயிடுத்து. நீ தப்பிச்சாச்சு, இனிமே பயமில்லைன்னு அர்த்தம்."

அவர் பயந்த மாதிரியேதான் இருந்தார். அதனால கேட்டேன்.

"தப்பிச்சாச்சுன்னு டாக்டர் எழுதியிட்டுண்டோ?"

குனிஞ்சு செருப்பைக் கழட்டினார். அப்புறம், "இல்லை. இதை ஒண்ணை மட்டும் நானாப் போட்டுக்கறேன், விடேன்"னார்.

விட்டுட்டேன்.