நாலாவது ரக்அத்

அவளுக்குக் கோபம் வந்தால் இஸ்திரிப் பெட்டிக்கே வியர்க்கும் என்று சலவைக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டு மணி வரை நின்றபடியே வேலை. சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டும், விருந்தினர்கள் 'அவசரம்' என்று சீட்டுக் குத்தி அனுப்பும் சட்டையும் அவள் மேசைக்குத்தான் வரும். எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. சரியில்லை என்று ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் மேற்பார்வையாளரே இரண்டடி தள்ளி நின்றுதான் நீட்டுவார்.

மூக்கு நுனியில் கோபம் வைத்திருந்தவளுக்கு வாய்த்த கணவரோ பொறுமையில் மொத்த வியாபாரி. இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். நடுரோட்டில் ஒருவன் வண்டியை நிறுத்திப் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் ஹாரனில் கை வைக்க மாட்டார். "பேசி முடிக்கட்டும், பாவம், என்ன அவசரமோ" என்பாராம். பின்னால் பயணிகள் கத்துவார்களாம். கல்யாணமான புதிதில் அவளுக்கும் அப்படித்தான் கத்தத் தோன்றியது.

போன வருடம் ஒரு நாள் பணிமனையில் வண்டியை நிறுத்தி இறங்கியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. இடது கை தொங்கிப்போனது, இடது கால் இழுத்தது. அதோடு நினைவிலும் ஓட்டை விழுந்தது. இருபது வருடத்துக்கு முன் ஓட்டிய தடத்தில் எத்தனை நிறுத்தம் என்று கேட்டால் வரிசையாக ஒப்பிப்பார். சற்றுமுன் தேநீர் குடித்தாரா என்று கேட்டால் கோப்பையைத் தேடுவார்.

தூரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் போனில் ஆறுதல் சொன்னாள். "உம்மா, பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்கல்ல."

"பூமியை நீயே வச்சுக்க. எனக்கு இந்த மூணாம் மாடிக்கு ஒரு லிஃப்ட் இருந்தா போதும்."

அந்த மாடிதான் அவரைப் பள்ளிவாசலிலிருந்து பிரித்தது. வெள்ளிக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தன் தம்பியோடு வந்து இவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள்தான் ஜமாஅத் என்ற கூட்டுத் தொழுகை. அவர் முன்னால் நிற்பார், அவள் ஓரடி பின்னால் நிற்பாள். அவ்வளவுதான் கூட்டம். ஆனால் அதில் அவருக்கு இருந்த சந்தோஷம் பெரிது. வலது கையை இடது கைமேல் வைத்துப் பிடிப்பதுதானே தொழுகையில் முறை? தொங்குகிற கையை நல்ல கை பிடித்துக்கொள்ளும், பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "தொழுகையில நிக்கும்போது மட்டும் நான் முழு மனுஷன்" என்று ஒருமுறை சொன்னார். அதைக் கேட்டு அவள் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. அந்தி மஃரிபிலும் இரவு இஷாவிலும் சத்தமாக ஓதுவதால் அந்தப் பிடியில் எப்படியோ கரை சேர்ந்துவிடுவார். மனசுக்குள் ஓதுகிற மதிய லுஹரிலும் பிற்பகல் அஸரிலும் எத்தனை ரக்அத், நின்று குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து முடிக்கும் சுற்று எத்தனை ஆயிற்று என்பது நழுவிவிடும். நாலு தொழ வேண்டிய இடத்தில் மூன்றில் உட்காருவார், இல்லையென்றால் ஐந்தாவதுக்கு எழுந்துவிடுவார்.

முன்னால் நிற்கிறவர் தவறினால் பின்னால் நிற்கும் ஆண்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்று குரல் கொடுப்பார்கள். பெண் என்றால் குரல் கொடுக்காமல் வலது கை விரல்களால் இடது புறங்கையில் தட்டுவாள். இப்படி ஒரு சட்டம் இருப்பதை அவள் சின்ன வயதில் படித்ததோடு சரி. அது இப்போது அன்றாட வேலையாகிவிட்டது. தட்டியதும் அவர் உட்கார்ந்துவிடுவார், மறதிக்கான ஸஜ்தாவாக நெற்றியைத் தரையில் வைத்தெடுத்துத் தொழுகையை முடிப்பார். "முப்பது வருஷத்துல நான் சொல்லி நீங்க உடனே கேட்டது இங்க மட்டும்தான்" என்று அவள் கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றுபோனது. அன்று மருத்துவர், இனி இதற்கு மேல் தேற வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார். இறங்கி வரும்போது இவர், "அல்ஹம்துலில்லாஹ். இதுக்கு மேல தேறாதுன்னுதானே சொன்னாரு, இதுக்குக் கீழ போகும்னு சொல்லலியே" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷருக்குப் பயமே கிடையாதா, எல்லாப் பயத்தையும் நான் ஒருத்தியேதான் சுமக்க வேண்டுமா என்று நினைத்தாள். நாளைக்கு என்னையே யார் என்று கேட்டால்? அந்த நினைப்போடு வீட்டுக்கு வந்து அஸருக்கு நின்றாள். அவர் ஐந்தாவதுக்கு எழுந்தார். தட்டினாள், உட்கார்ந்தார். என்ன தோன்றியதோ, மறுபடி எழுந்தார். தட்டினாள். அது தட்டு இல்லை, அறை. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. தொழுகையை முறித்துக்கொண்டு விரிப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"போதும். இனி நீங்க இந்த ரூம்ல தொழுங்க, நான் அடுக்களையில தொழுதுக்கறேன். என்னால முடியல."

அவர் திரும்பாமலே, "சரிம்மா" என்றார்.

ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அந்த 'சரிம்மா' மூன்று நாள் அவளைக் குத்தியது. தப்புத் தன்மேல்தான் என்று தெரிந்தும் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. கோபம் வரும் வேகத்தில் பாதிகூட மன்னிப்புக் கேட்பதில் அவளுக்கு வராது. அடுக்களையில் தனியே தொழுதாள், எண்ணிக்கை பிசகாமல் தொழுதாள், ஒரு நிம்மதியும் இல்லாமல் தொழுதாள்.

நாலாவது நாள் அஸர் முடித்தவள், துண்டு எடுக்க அவர் அறைக் கதவைத் தள்ளினாள். விரிப்பின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்த ஈரம் தாடியில் காய்ந்து, சட்டைக் கழுத்து மட்டும் நனைந்திருந்தது. தொழுது முடித்தவர் முகமாக அது இல்லை.

"தொழுதாச்சா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

"தொடங்குறேன். மூணா நாலான்னு சந்தேகம் வருது. விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து தொடங்குறேன். இப்ப ஒரு ஏழெட்டுத் தடவை ஆயிருக்கும். அதுவும் நிச்சயமாத் தெரியல. நேத்தும் இப்படித்தான்" என்றார்.

அவர் குற்றம் சொல்லவில்லை. தடத்தில் போக்குவரத்து நெரிசல் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். கையும் காலும் போனபோது குறைப்படாத மனுஷர் மிச்சம் வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். அதையும் தன் கையாலேயே பிடுங்கிவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. மூன்று நாளாக வராத வாய் அப்போது வந்தது.

"தப்பு என்மேலதாங்க. மாப்பு தாங்க. எழுந்திருங்க, முன்னாடி நில்லுங்க."

"நீ தொழுதுட்டியே."

"பரவாயில்ல. நஃபிலா, கூடுதல் தொழுகையா, உங்க பின்னாடி நிக்கறேன். அஸர் நேரம் போறதுக்குள்ள எழுந்திருங்க."

சுவரைப் பிடித்து எழுந்தார். நல்ல கை தொங்கிய கையை எடுத்துப் பிடித்துக்கொண்டது. 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டினார்.

இவள் பின்னால் நின்று அழுதாள். முதல் ரக்அத்தில் அழுகை தொண்டையில் இருந்தது, இரண்டாவதில் கண்ணுக்கு வந்தது, அதற்குப் பிறகு எது எந்த ரக்அத் என்றே தெரியவில்லை. யா அல்லாஹ், இவர் இன்னும் எனக்கு முன்னால் நிற்கிறாரே, இது போதும் எனக்கு என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. ஸஜ்தாவிலிருந்து நிமிர்ந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். மூன்றுதானே ஆச்சு? பதறித் தட்டினாள். அவர் எழவில்லை. மறுபடி தட்டினாள், பாதி நிச்சயத்தோடு. அவர் அசையவே இல்லை. அவசரமில்லாமல் இருப்பில் ஓத வேண்டியதையெல்லாம் ஓதி வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் கொடுத்தார். வேறு வழி தெரியாமல் அவளும் கொடுத்தாள்.

"மூணுதாங்க ஆச்சு."

"நாலு."

"எப்படிச் சொல்றீங்க?"

இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. மெல்லத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ ஒவ்வொரு தடவை எழுந்து நிக்கும்போதும் உன் முட்டி 'டக்'குங்குது. மூணு டக் கேட்டுச்சு. மூணு தடவை எழுந்தா நாலு ரக்அத்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சலவைக்கூடத்தில் வருடக்கணக்காக நின்று தேய்ந்த முட்டி. அதை எத்தனை திட்டியிருப்பாள்.

"இத்தனை நாள் கேக்கலியா அது?"

"இத்தனை நாள் நீ எப்ப தட்டுவியோன்னு பயந்துக்கிட்டே நின்னேன். பயத்துல காது கேக்குமா? இன்னைக்குப் பின்னாடி நீ அழுதுக்கிட்டு நின்னே. இவ எங்கயும் போக மாட்டான்னு தெரிஞ்சுச்சு. காது தெறந்துக்கிச்சு."

பயமே இல்லாதவர் என்று தான் நினைத்த மனுஷர் தனக்குப் பயந்து நின்றிருக்கிறார். அது சுட்டது. அதைவிட, இனி பயமில்லை என்று அவர் சொன்னது குளிர்ந்தது. மருத்துவர் சொன்னது அப்படியேதான் இருந்தது, மூன்றாம் மாடியும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இருந்த இடத்திலேயே குனிந்து நெற்றியை விரிப்பில் வைத்தாள். அது எந்தத் தொழுகைக் கணக்கிலும் சேராத நன்றி ஸஜ்தா. நெடுநேரம் கிடந்துவிட்டு, தேநீர் போடலாம் என்று எழுந்தாள். முட்டி டக்கென்றது.

"நாலு" என்றார் அவர்.