கூடாத எலும்பு

என் சகலை லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் இருட்டு இடுக்கில், கம்பி ஏணியில் தொங்கிக்கொண்டே என்னோடு போனில் வம்பளப்பார். "சகலை, உங்க ஆபீஸ்ல நாற்காலி ஆளைத் தாங்குது. இங்க ஆளு லிஃப்டைத் தாங்கறான்" என்பார். வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த பிறகு அந்த வாய் அடங்கிப்போனது.

ஏணியில் இறங்க நாலு படி மிச்சமிருக்கும்போது கால் வழுக்கி லிஃப்டின் அடிக்குழியில் விழுந்தார், அவ்வளவுதான். தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். மாதங்கள் போயும் முறிந்த இடம் கூடவில்லை. எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. ஏணி ஏற முடியாதவருக்கு அவர் கம்பெனியில் ஒரே வேலைதான்: மேசையில் உட்கார்ந்து புகார் போன்களை எடுப்பது. "அந்த மேசைக்குப் போறதுக்கு நான் குழியிலேயே கிடந்திருக்கலாம்" என்றார். அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும்.

நானும் சகலையும் மட்டும் போயிருந்தபோது எலும்பு டாக்டர் ஒரு வழி சொன்னார். கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து, முறிந்த இடத்தில் ஊசியால் செலுத்துவார்களாம். "சிலருக்குக் கேக்குது, சிலருக்கு ஒண்ணும் தெரியறதில்ல. கேக்கலன்னா இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து வெச்சு மறுபடி ஆபரேஷன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தபோது எடுத்தது சகலையின் மனைவி, என் கொழுந்தியாள். "ரத்தத்துக்கு வெளியில ஏற்பாடு பண்ண வேண்டாம்மா. சொந்த ரத்தம்தான்" என்றாராம் நர்ஸ். என் கொழுந்தியாளுக்கு அரை வார்த்தை போதும். மீதியை அவளே முடித்துக்கொள்வாள். சொந்த ரத்தம் என்றால் கூடப்பிறந்தவர்கள். சகலைக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி, பேக்கரி வைத்திருப்பவன். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முட்டிக்கொண்டவர்கள், அம்மா போன பிறகும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவள் யாரிடமும் சொல்லாமல் அவனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஊசி போடும் நாளில், நாங்கள் காத்திருந்த அறைக்குள் சட்டையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் தம்பி வந்து நின்றான். சகலை சுவரைப் பார்த்தார். தம்பி சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு நர்ஸிடம் கையை நீட்டினான்.

"நான்தான் சொந்த ரத்தம். எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

நர்ஸுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. "உங்களோடது இல்ல சார். அவர் ரத்தத்தையே எடுத்து அவருக்குப் போடறது. அதைத்தான் சொன்னேன்."

கொழுந்தியாள் அசடு வழிந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மனைவி அங்கே இருந்திருந்தால் கிள்ளியிருப்பாள். தம்பி சட்டைக் கையை இறக்கிவிட்டு, "அப்ப நான் கிளம்பறேன் அண்ணி" என்றான்.

"டேய்" என்றார் சகலை, இன்னமும் சுவரைப் பார்த்தபடி. "வந்தது வந்துட்ட. இரு. எனக்கு ஊசின்னா பயம்னு இவங்க யாருக்கும் தெரியாது."

அந்தரத்தில் ஒற்றைக் கையால் தொங்குகிற மனிதர், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவனும் போன் செய்யவில்லை, இவரும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சு. சில மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்புக் கோட்டின் குறுக்கே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா கூடிடுச்சு. மெதுவா ஏணி ஏற ஆரம்பிக்கலாம்" என்றார். அந்த ஊசியாலா என்று கேட்டேன். "இருக்கலாம். தானாவே கூடியிருக்கவும் வாய்ப்பிருக்கு. உறுதியா சொல்ல முடியாது."

வராந்தாவுக்கு வந்ததும் சகலை தன் மனைவியிடம் தம்பியின் நம்பரைக் கேட்டார். அவர் போனில் அது இல்லை.

"எலும்பு கூடிடுச்சுடா. ஏணி ஏறலாம்னு சொல்லிட்டாங்க."

தம்பி சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"இப்ப வலிக்குதாண்ணா?"

"இல்லடா" என்றார். அது உண்மைதான். சொல்லிவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் பார்க்க, என் சகலை வாய்விட்டு அழுதார்.