கோழி சூப் குடித்த விரதக்காரி

இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். மலேசியாவின் இந்தப் பாலிங் ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் "பசியாறிட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாணமாகிப் பட்டுக்கோட்டையிலிருந்து வந்த புதிதில், என் பசியைப் பற்றி இந்த ஊருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோயிருக்கிறேன். இரண்டாவது கேள்விதான் தூக்கிவாரிப் போடும். "என்னா செல்வி, இன்னும் குண்டாயிட்டியே?" வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்வதுபோல, முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா "கெமுக்!" என்று என் கையைக் கிள்ளுவார். குண்டு என்று அர்த்தம். கிள்ளிய அதே கையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போவதும் அவரேதான்.

பட்டுக்கோட்டையில் கதை வேறு. லீவுக்குப் போய் இறங்கும்போதெல்லாம் அம்மா என்னைத் தெருவில் முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருவாள். "மலேசியா ஒத்துக்கிச்சுடி உனக்கு" என்று அத்தைமார்கள் கன்னத்தை வழிப்பார்கள். என் உடம்பு அவர்களுக்கு நல்ல செய்தி. மகள் போன இடத்தில் நன்றாக வாழ்கிறாள் என்பதற்கு அம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி நான்தான். இங்கே கிள்ளல், அங்கே திருஷ்டி சுற்றல். நடுவில் என் முழங்கால்கள் தேய்ந்துகொண்டிருந்தது இரண்டு ஊருக்கும் தெரியவில்லை.

நான் தையல்காரி. பாலிங்கிலும் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் பாதிப் பெண்களின் ரவிக்கை அளவு எனக்கு மனப்பாடம். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. என் அளவை எடுக்க மட்டும் கடையில் வாங்கிய டேப் பத்தாமல் போயிற்று. அதைச் சொல்லி நானே சிரிப்பேன். சிரிக்க முடியாதவை வேறு இருந்தன. இங்குள்ளவர்கள் இனிப்பு நீர் என்று சொல்லும் சர்க்கரை வியாதி வந்தது. படுத்தால் நெஞ்செரிச்சல் தொண்டை வரை ஏறியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று என் கணவர் மணியம் பயந்து உலுக்கி எழுப்புவார். எத்தனையோ முறை வாயைக் கட்டினேன், நடந்தேன், இளைத்தேன். போன எடை சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கடைசியில் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பற்றிச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை முன்பே ஏன் யாரும் சொல்லவில்லை?

சர்ஜன் இதே கெடா மாநிலத்துக்காரர், மலாய்க்காரர். வெள்ளைத்தாளில் படம் போட்டு எனக்குப் புரிகிற மலாயில் மெதுவாகப் பேசுவார். முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ஸ்லீவ். இரைப்பையில் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல விட்டுவிடுவது. வெட்டிய துணி வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் சின்னதாக ஒரு பை பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் இணைப்பது. எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்ததில் என் உணவுக்குழாயின் அடிப்பாகம் அமிலம் பட்டுப் புண்ணாகியிருந்தது. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூடலாம், சர்க்கரைக்கும் பைபாஸ்தான் உங்களுக்குப் பொருந்தும் என்றார். ஆனால் ஆயுள் முழுக்க வைட்டமின், இரும்புச்சத்து மாத்திரை, ரத்தப் பரிசோதனை. இனிப்பை அள்ளித் தின்றால் வேர்த்துக் கொட்டித் தலை சுற்றும். "உடம்பு உங்களுடையது, யோசித்து வார்டில் சேரும் நாளில் முடிவு சொல்லுங்கள். எதுவானாலும் முதலில் கல்லீரல் சுருங்க வேண்டும்" என்று, மாத்திரை அளவுகளை மாற்றி எழுதி, அதுவரை நீர் உணவு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினார்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்களோடுதான் இருக்கிறார். இந்த ஊரில் எனக்குப் பாசார் என்கிற சந்தையில் மீன் பார்த்து வாங்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆபரேஷன் என்றதும் அவர் ஸ்லீவ் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

"அலோர் ஸ்டார்ல என் கூட்டாளி அதான் செஞ்சா. ஒரு மனுசருக்குத் தெரியாதுலா. பைபாஸ்னா ஆயுசுக்கும் மருந்து முழுங்கணும். பாக்கறவங்க என்னா நோயின்னு கேக்க மாட்டாங்களா?"

"எனக்கு நெஞ்சு எரியிறது யாருக்குத் தெரியுது அண்ணி? அதுக்காக எரியாம இருக்கா?"

மணியம் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அக்கா பேசும்போது அக்கா பக்கம், நான் பேசும்போது என் பக்கம்.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பால்குடம் எடுக்கிறவர்களின் மஞ்சள் துணி என் மிஷினைச் சுற்றி மலையாகக் குவிந்திருந்தது. நானோ காலையில் புரோட்டீன் பால், மத்தியானம் வடிகட்டிய கோழி சூப் என்று கிடந்தேன். அப்போதுதான் ஒரு விநோதத்தைக் கவனித்தேன். வழக்கமாகத் துணி கொடுக்க வருகிறவர்கள் பலகாரத்தோடு வந்து "ஒரு வாய்தான்லா" என்று ஊட்டாத குறையாக நிற்பார்கள். இப்போது யாரும் சாப்பாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒரு பெண் போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எடை குறைக்கிறேன் என்று சொல்லி வாங்க முடியாத இந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

பார்வதி அக்கா வந்த அன்று புரிந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பவர். ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னா செல்வி, கோழி வாசம் அடிக்குது?"

"சூப்புக்கா. இப்பதான் சுட வச்சேன்" என்று கையிலிருந்த கோப்பையைக் காட்டினேன்.

அக்காவின் முகம் வெளிறியது. "விரதத்துலயா? உங்க அண்ணி இந்தத் தடவ நீயும் கொடம் எடுக்கறன்னு சொல்லுச்சே!"

அடுப்படி நிலையில் நின்ற அண்ணி, வாயை மூடு என்று எனக்குக் கையைக் காட்டினார். ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அண்ணிக்குச் செய்தது, எனக்கில்லை, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று எதையாவது. ஆனால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. சாமி பெயரைச் சொன்னால் என் பட்டினி புண்ணியம், என் உயிருக்காக என்றால் வெட்கக்கேடா?

"எனக்கு விரதம் இல்லக்கா. வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன், எடை கொறைய."

"அடியாத்தே! அதுக்குப் போயி அறுத்துக்கணுமா? வாயக் கட்டுனா போதாதாலா?"

"உங்க கண்ணுல பொரை எடுத்தாங்களே, பாக்காம இருந்தா போதாதான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

அக்கா ரவிக்கையைப் போட்டுப் பார்க்காமலே மடித்துக்கொண்டு போனார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் விஷயம் தோட்டம் தோட்டமாகப் போய்விட்டது. கோழிச்சாறு குடிக்கிற கை சாமித் துணியைத் தொட்டதாம். சிலர் வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். வலிக்கத்தான் செய்தது.

"மானத்த வாங்கிட்டியே" என்றார் அண்ணி.

"மானம் என் வயித்துக்குள்ளயா இருக்கு அண்ணி, அறுத்தா போறதுக்கு?" என்று கேட்டுவிட்டு மிச்ச சூப்பைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அவள் கவலை எதிர்த்திசையிலிருந்து வந்தது. "எளைச்சுப்போயி வந்து நின்னீன்னா, மாப்ள வீட்ல சோறு போடலையான்னு கேப்பாங்களேடி." கேட்டால் என்னிடம் அனுப்பு என்றேன். கடல் தாண்டி வாழ்கிறவர்களே, உங்கள் உடம்பையும் இப்படித்தான் இரண்டு ஊர்களும் பங்கு கேட்கின்றனவா? நான் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.

வார்டில் சேர்ந்த அன்று மணியம் கூட வந்தார். அண்ணி வரவில்லை. ஆனால் பையில் எனக்கு இரண்டு புது நைட்டி மடித்து வைத்திருந்தார். இளம் மலாய் நர்ஸ் ஒருத்தி பி.பி. பார்த்துக்கொண்டே "கம்போங் மானா?" என்றாள். சொந்த ஊர் எது என்று கேட்கிறாள். பட்டுக்கோட்டை என்றேன். யோசித்து, "பேராக் பக்கமா?" என்றாள். "இன்னும் தூரம்" என்றேன். அப்படியானால் மலேசியாவின் தென்கோடி ஜொகூர் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். திருத்தப் போகவில்லை.

டாக்டர் வந்து எது என்று கேட்டார். மணியம் வாயைத் திறப்பதற்குள் "பைபாஸ்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். இந்த முறை ஒரே பக்கம். அப்புறம்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேலே சின்னப் பை செய்து வழியை மாற்றிவிட்டால், மிச்சமிருக்கும் பெரிய வயிற்றை என்ன செய்வீர்கள், வெளியே எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"தக், தக். பெருட் லாமா டோக் சித்து லா" என்றார். இல்லையில்லை, பழைய வயிறு அங்கேயேதான் இருக்கும்.

"சாப்பாடே போவாத பை உள்ள கெடந்தா கெட்டுப்போவாதா?" என்று மணியம் என்னிடம் பதறினார். அதை மலாயில் கேட்டேன். டாக்டர் சிரித்தார். ரத்தம் ஓடுகிறது, எப்படிக் கெடும்? இனி ஒரு வாய்ச் சோறு அதற்குள் போகாது. ஆனாலும் அது தன் பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும். அந்தச் சாறு தன் வழியே இறங்கிவந்து, கீழே போய்ச் சாப்பாட்டோடு சேர்ந்துகொள்ளும் என்றார்.

இருக்கட்டும் டாக்டர், அதை எடுக்க வேண்டாம் என்றேன். அவர் எடுப்பதாகச் சொல்லவே இல்லை. எனக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மண்ணின் சோற்றைத் தின்று இத்தனை வருடமாகிறது. அதில் ஒரு பருக்கைகூடப் போய்ச் சேராத பட்டுக்கோட்டையும் எனக்குள்ளே அப்படித்தானே சுரந்துகொண்டிருக்கிறது.