உடன் வருபவர் பெயர்

இன்று தூத்துக்குடியில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனேன். இலங்கையைக் கரையோரமாகவே காரில் ஒரு சுற்று சுற்றிவர ஆசை. மூன்று வாரமோ நாலு வாரமோ, பிடித்த ஊரில் பிடித்த வரை தங்கலாம்.

தோணியில் சரக்கோடு கொழும்புக்கு எத்தனையோ தடவை போனவன் நான். துறைமுகத்தைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

கவுண்டரில் இருந்த பிள்ளை, "அண்ணாச்சி, ஃபாரத்தை நான் எழுதட்டா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, நானே எழுதுதேன். எழுதப் படிச்சு ஆறு மாசம்தான் ஆவுது."

காகிதம் பறக்காமல் இருக்க அவள் ஃபேனை நிறுத்தினாள். என் பெயரை நானே எழுதி முடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வரி, 'உடன் வருபவர் பெயர்'.

பேனா நின்றுவிட்டது. மனைவி இறந்து இரண்டு வருஷம். மகன் துபாயில்.

"யாரும் இல்லைன்னா கோடு போட்டுருங்க அண்ணாச்சி."

"கோடு போட மனசு வரலம்மா. அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்."

"திரும்பி வர்ற தேதியும் சொல்ல மாட்டேங்கீய, ஆளும் சொல்ல மாட்டேங்கீய. இப்படி ஒரு பயணமா!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

யாராவது வருகிறீர்களா? கீழே கமெண்டில் பெயரைப் போடுங்கள். கொஞ்சம் சின்னப் பெயராக இருந்தால் நல்லது, எழுதப்போகிறவன் நான்.